நாலு குரல் பாட்டும் ஒளித்து வைத்த கடிதமும்

உயிர்த்த ஞாயிறு, பதினொரு மணிப் பூசை. லா சப்பலில் எங்கள் அறைக்குக் கிட்ட இருந்த கோயிலில், பீடத்துக்கு இடப்பக்கம் பதினைந்து பேர் நிற்கிறோம். பன்னிரண்டு பேர் பிரெஞ்சுக்காரர், மூன்று பேர் நாங்கள். ஓர்கன் வாசிப்பவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார். வாத்தியம் இல்லாமல் பாட வேண்டிய பாட்டு அது. மெழுகுதிரிப் புகையும் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும் மூக்கில் ஏறுகின்றன.

தடித்த குரல் பெண்கள் தொடங்குகிறார்கள். அவர்கள் பாதி வரியில் இருக்கும்போதே மெல்லிய குரல் பெண்கள் அதே வரியை மேலே எடுக்கிறார்கள். பிறகு அடிக்குரல் கிழவர்கள் இருவர். கடைசியாக நாங்கள் மூவர், தெனோர், அதாவது ஆண்களின் மேல்குரல். நான் வாயைத் திறக்கிறேன். ஆண்டவரின் கல்லறை வாசலில் நிற்கும் மரியமதலேனாள் சொல்வதை லத்தீனில் பாடுகிறேன். அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஊரில் என் அண்ணன் அலோசியை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய் அப்போது இரண்டரை மாதம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது. உயிரைக் கொடுத்துப் பாடுகிறேன்.

என் வலப்பக்கத்தில் தாசண்ணை, இடப்பக்கத்தில் சவிரி, என்னோடு ஒரே அறையில் இருப்பவர்கள். அவர்கள் இருவருக்கும் தெரியும். அண்ணன் செத்துவிட்டான், இன்ன இடத்தில் அடக்கம் செய்தோம் என்று ஊரிலிருந்து வந்த கடிதம், ஐந்து வாரமாகத் தாசண்ணையின் செபப் புத்தகத்துக்குள் இருக்கிறது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்த வாசகி ஒருவர், "நல்லாப் பாடுவீர்களாமே, ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டிருந்தார். கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது கோபத்தில் எழுத்துக் கோணிப்போகிறது.

கதிரை தூக்கியவர்கள்

ரூ பஜோல் தெருவில் நாலாம் மாடியில் ஓர் அறை. அதில் நாங்கள் மூன்று பேர். மூவருமே மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், மூவருமே வேதக்காரர். தாசண்ணைக்கு நாற்பது வயதிருக்கும். அறை அவர் பெயரில், கீழே தபால் பெட்டியும் அவர் பெயரில். ரூ லூயி-பிளாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். எங்கள் பப்பியே, அகதிக் கடதாசி எல்லாவற்றையும் நிரப்பித் தருவார், காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவார். நல்ல மனிதர். கெட்டவனாக இருந்திருந்தால் இரண்டு தூஷணத்தோடு மறந்திருப்பேன்.

சவிரி எங்கள் மூவரில் இளையவன், என்னைவிட நாலு வயது குறைவு. அவனும் நானும் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் இருந்த ஓர் ஓட்டலில் கோப்பை கழுவினோம். யாராவது உரத்துக் கதைத்தாலே அவனுக்குக் கண் கலங்கும்.

கோயிலில் நாங்கள் கடைசி வாங்கில் இருப்போம். பூசை முடிந்ததும் கதிரை அடுக்க வேண்டுமென்றால் மட்டும் சிரித்துக்கொண்டு எங்களிடம் வருவார்கள். ஒரு ஞாயிறு, பாட்டுக் குழுவை நடத்திய முசியே பெர்த்தோ நேரே எங்களிடம் வந்தார். ரயிலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது, கையில் எப்போதும் ஒரு பென்சில்.

"உங்கள் மூன்று பேருடைய குரலும் பின்னாலிருந்து என் கழுத்தில் அடிக்கிறது. என்னிடம் தெனோர் ஒருவர்கூட இல்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள்" என்றார்.

தாசண்ணைக்குத் தலைகால் தெரியவில்லை. படியேறும்போதே தொடங்கிவிட்டார்.

"இவ்வளவு நாளும் கதிரை தூக்கத்தானே கூப்பிட்டவை? இப்ப பாடக் கூப்பிடீனம். வடிவாச் செய்யவேணும், சொல்லிப்போட்டன். எங்கடை ஆக்களுக்குச் சொதப்பல் பேர் வரக்கூடாது."

பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பெருமைதான் அத்திவாரம்.

பிந்தினால் ஓடிப் பிடிப்பது

பாட்டு நானூறு வருடத்துக்கு முந்தையது என்றார் பெர்த்தோ. எழுதியவர் ஏதோ ஒரு பேராலயத்தில் பாட்டு வாத்தியாராம். பெயர் சொன்னார், எனக்கு மனதில் நிற்கவில்லை.

எங்களுக்கு இசைக் குறி வாசிக்கத் தெரியாது. தாசண்ணை சின்ன வயதில், பூசை லத்தீனில் இருந்த காலத்தில், பீடத்தில் உதவி செய்தவர். அவர் சொற்களைச் சொல்ல, நாங்கள் கடை விளம்பரக் கடதாசியின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டோம். குரல் ஏறும் இடத்தில் மேல் நோக்கி ஓர் அம்பு, இறங்கும் இடத்தில் கீழ் நோக்கி. நீட்ட வேண்டிய இடத்தில் ஒரு கோடு. கோட்டின் நீளம் மூச்சின் நீளம்.

முதல் நாள் நடந்தது பெரிய கூத்து. எங்கள் ஊர்க் கோயிலில் எல்லாரும் ஒன்றாகத்தான் பாடுவோம். தவக்காலத்தில் ஆண்டவர் பட்ட பாடுகளைச் சொல்லும் பசாம் படிக்கும்போதும் ஒருவர் எடுத்துக் கொடுத்தால் முழுச் சனமும் ஒரே மெட்டில் இழுக்கும். யாராவது பிந்தினால் இரண்டு சொல்லை விழுங்கிவிட்டு ஓடிப்போய்ச் சனத்தோடு சேர்ந்துகொள்வான். அதுதான் மரியாதை. இந்தப் பாட்டிலோ எங்களைக் கடைசியாக விடுகிறார்கள். முன்னால் மூன்று கூட்டம் போய்விட்டது. விட்டுவிடுவோமா? மூவரும் சொல்லிவைத்ததுபோல ஒரே ஓட்டம். மூன்றாவது வரியில் மெல்லிய குரல் பெண்களைப் பிடித்தே விட்டோம். தாசண்ணை என்னைப் பார்த்து வெற்றிச் சிரிப்புச் சிரித்தார்.

பெர்த்தோ பென்சிலை நிலத்தில் எறிந்தார்.

"யார் துரத்துகிறார்கள் உங்களை?"

"முசியே, நாங்கள் பிந்திப்போனோம்" என்றார் தாசண்ணை.

"நீங்கள் பிந்தவில்லை. உங்கள் இடமே அதுதான். கடைசியாக வாருங்கள், கடைசியாகவே இருங்கள்."

அதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு இரண்டு சனிக்கிழமை எடுத்தது. அடுத்த பிரச்சினை தாளம். கை தானாகத் தொடையைத் தட்டும், அவர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார். தாளம் எங்கே என்று கேட்டால், ஒருவர் மூச்சு முடியும் இடத்தில் மற்றவர் மூச்சுத் தொடங்குகிறது, அதைக் கவனி, தட்டாதே என்பார்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமான இடம் ஒன்று இருந்தது. நாங்கள் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்க வேண்டும். நாங்கள் நிற்க, தடித்த குரல் பெண்கள் நகர்ந்து வந்து எங்கள் சுரத்துக்குப் பக்கத்துச் சுரத்தில் உரசுவார்கள். பல்லில் மணல் கடிபட்டது மாதிரி இருக்கும். நாங்கள் பிழை விட்டோமோ என்று பயந்து உடனே வழுகி இறங்கிவிடுவோம்.

"இறங்காதே! அவர்கள் வந்து உரசட்டும். தாங்கு. ஒரு மூச்சுத் தாங்கிவிட்டு, பிறகு ஒரேயொரு படி இறங்கு. முதலே இறங்கினால் இங்கே பாட்டே இல்லை" என்று கத்துவார் பெர்த்தோ.

எனக்குத்தான் அது முதலில் பிடிபட்டது. அன்றிலிருந்து மற்ற இருவரும் என் வாயைப் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள், என் வாயைப் பார்த்துத்தான் இறங்குவார்கள். நான் இல்லாவிட்டால் தெனோர் இல்லை என்ற நிலைமை வந்தது. அப்போது எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

எங்கள் ஆட்களின் கண்டறியாத கெட்டித்தனம்

அலோசி அண்ணையைக் கடற்கரையில் வலை காயப்போட்ட இடத்தில் வைத்துப் பிடித்தார்கள் என்று முதலே ஒரு கடிதம் வந்திருந்தது. அம்மாவுக்கு எழுத வராது. கோயிலில் மணி அடிக்கும் சக்கிடுத்தார்தான் அவர் சொல்லச் சொல்ல எழுதுவார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வேலையால் வரும்போதெல்லாம் தபால் பெட்டி ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. சாவுச் செய்தியைச் சாவு வீட்டுக்காரனுக்கு நேரே எழுத மாட்டார்கள். கூட இருப்பவனுக்கு எழுதுவார்கள், "ஆறுதலாகச் சொல்லவும்" என்று. கூட இருப்பவன் அதை வைத்துக்கொண்டு நாள் பார்ப்பான். முதலில் சாப்பிட்டு முடியட்டும் என்பான். பிறகு வேலை முடியட்டும், சனி ஞாயிறு வரட்டும் என்பான். பிறகு படிப்படியாக இறக்குவான்: சுகமில்லையாம், ஆஸ்பத்திரியாம், கடுமையாம். கடைசியில்தான் மற்றது.

இதில் எனக்கும் பங்குண்டு. முந்திய வருடம் சவிரியின் பெரியம்மா செத்தபோது, நானும் தாசண்ணையும் அதை மூன்று நாள் வைத்திருந்து, காய்ச்சலில் தொடங்கி, இறக்கிவிட்டோம். அவன் அழுதான், கஞ்சி குடித்தான், எங்களுக்கு நன்றிகூடச் சொன்னான். நல்ல காரியம் செய்தோம் என்று நான் நிம்மதியாகப் படுத்தேன். அதை நினைக்க இப்போது என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அண்ணனின் சாவைச் சொன்ன கடிதம், உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய தவக்காலம் தொடங்கின கையோடு, தாசண்ணை பெயருக்கு வந்தது. சனிக்கிழமை சொல்வோம் என்றாராம் சவிரியிடம். சனிக்கிழமை ஒத்திகை இருந்தது. ஒத்திகை முடியட்டும் என்றாராம். அன்றுதான் பெர்த்தோ பாட்டின் பொருளை எங்களுக்குப் பிரித்துச் சொன்னார். கல்லறை வெறுமையாக இருக்கிறது, அந்தப் பெண் வழியில் கண்டவரிடமெல்லாம் கேட்கிறாள் என்றார். எங்கே வைத்தார்கள் என்று தெரியாது என்ற இடத்தில் மட்டும் நாலு குரலும் முந்துவது பிந்துவது இல்லாமல் ஒன்றாகச் சொல்லும், சொல்லிவிட்டு நிற்கும் என்றார்.

நான் அவரிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் என் கடதாசியில் அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, "இதை நீ பிடித்துக்கொள்" என்றார்.

தாசண்ணை என் முதுகைத் தடவினார். "அழாதை தம்பி. மாதா கைவிடமாட்டா" என்றார். அறுவான், அப்போது அவருடைய கோட்டுக்குள் செபப் புத்தகம், புத்தகத்துக்குள் என் அண்ணன்!

நான் நித்திரை கொண்ட பூசை

அடுத்த கிழமை நடுவில் ஒரு நாள் பின்னேரம். காலை ஆறு மணியிலிருந்து கோப்பை கழுவிவிட்டு, ஊறிப்போன விரல்களோடு வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன். தாசண்ணை கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"வா, ஆறு மணிப் பூசைக்குப் போவம்."

"எனக்கு ஏலாது அண்ணை. ஞாயிறு பாப்பம்."

"தவக்காலமடா. ஒரு பூசை கண்டால் குறைஞ்சு போவியே? எழும்பு."

முணுமுணுத்துக்கொண்டு போனேன். பத்துப் பேர்கூட இல்லை. சாமியார் இறந்த ஆன்மாக்களுக்காக என்று பொதுவாக ஏதோ சொன்னார், பெயர் சொல்லவில்லை. தாசண்ணையும் சவிரியும் முழந்தாளில் இருந்தார்கள். எனக்குச் சூடேற்றிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பிரசங்கம் தொடங்க முன்னரே கண் சொருகிவிட்டது. சவிரி முழங்கையால் இரண்டு தரம் இடித்தான். "விடடா, விசரா" என்று திரும்பிச் சாய்ந்துகொண்டேன். முடிந்து வெளியே வரும்போது, "நல்ல கதகதப்பு அண்ணை, அடிக்கடி வரலாம்" என்று பகிடியும் விட்டேன்.

அது என் அண்ணனின் முப்பத்தோராம் நாள் பூசை. எங்கள் ஊரில் அன்று வீடு கழுவி, சனத்தைக் கூட்டி, கோயிலில் முன்வரிசையில் சகோதரம் நிற்க வேண்டிய நாள்.

கேக் தட்டு

திரும்ப உயிர்த்த ஞாயிற்றுக்கு வருகிறேன். அன்று நாங்கள் ஓடவில்லை. கடைசியாக வந்தோம், கடைசியாகவே இருந்தோம். உரசும் இடத்தில் பிடித்தேன், தாங்கினேன், ஒரு படி இறங்கினேன். நாலு குரலும் ஒன்றாகச் சொல்லி நின்றபோது, கோயிலில் இருமல் சத்தம்கூட இல்லை. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பாடினோம்.

பூசைக்குப் பிறகு கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் கேக்கும் வைனும் வைத்தார்கள். என் கையில் கேக் தட்டு. பெர்த்தோ வந்து என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். பெண்கள் கை கொடுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் கோட்டு மாட்டும் இடத்தில் சவிரி குலுங்கிக் குலுங்கி அழுகிறான்.

"என்னடா? ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"ராயப்பு அண்ணை, என்னாலை ஏலாது அண்ணை. நீங்கள் அப்பிடிப் பாடேக்குள்ளை நான் பக்கத்திலை நிண்டனான். என்னை மன்னியுங்கோ."

தாசண்ணை ஓடிவந்து அவனுடைய தோளைப் பிடித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். செபப் புத்தகத்தை எடுத்து, நடுவிலிருந்து நீலக் கடதாசியை உருவித் தந்தார்.

நின்ற நிலையில் வாசித்தேன். சக்கிடுத்தாரின் சாய்ந்த எழுத்து. பிடித்த ஒன்பதாம் நாள் கரையில் ஒதுங்கியிருந்தானாம். கழுத்துக் கயிற்றில் கிடந்த மாதா உத்தரியத் துணியின் தையலைப் பார்த்து அம்மாதான் அடையாளம் சொன்னாராம். கோயில் சவக்காலையில், அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கமாம். முப்பத்தொன்று இன்ன நாள், அன்று பிள்ளையை அங்கே ஒரு பூசை கொடுக்கச் சொல்லவும் என்று எழுதியிருந்தது.

அப்பாவுக்குப் பக்கத்தில். எனக்கு அந்த இடம் கண்ணை மூடினாலும் தெரியும். எங்கே வைத்தார்கள் என்று தெரியாது என்று அரை மணிக்கு முன்னர் நூற்றைம்பது பேருக்கு முன்னால் பாடிவிட்டு வந்திருக்கிறேன்.

"எப்ப வந்தது இது?"

"தம்பி, முதல்லை இரு."

"எப்ப வந்தது எண்டு கேட்டனான்!"

"ஐஞ்சு கிழமை." அவருடைய குரல் உள்ளே போய்விட்டது. "முப்பத்தொண்டுக்குப் பூசை குடுத்தனாங்கள், ராயப்பு. உன்னையும் கூட்டிக்கொண்டுதானே போனனாங்கள்?"

அப்போதுதான் அந்தச் சூடேற்றியும் அந்த நித்திரையும் என் தலையில் வந்து இடித்தன. தட்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. அவருடைய கோட்டுக் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன்.

"நான் குறட்டை விட்டனானே! என்ரை அண்ணைக்குப் பூசை நடக்க நான் குறட்டை விட்டனானே! நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்களே!"

"உனக்கு முதலே சொன்னால் நீ பாடுவியே? உன்னை விட்டால் தெனோர் ஆர்? நாங்கள் மூண்டு பேரும் வராமல் விட்டிருந்தால் இவையள் என்ன சொல்லுவினம்?" அவரும் அழத் தொடங்கிவிட்டார். "அதோடை தம்பி, நீ நம்பிக்கொண்டு இருந்தனி. ஐஞ்சு கிழமை உனக்கு உன்ரை அண்ணையை உயிரோடை வைச்சிருந்தம். அது பாவமே?"

ஐந்து கிழமை இவர் யார் எனக்குப் பிச்சை போட? நான் கேட்டேனா? கதிரை தூக்குகிறவன் என்ற பெயர் போகவேண்டுமாம், அதற்கு என் அண்ணனின் சாவைப் புத்தகத்துக்குள் மடித்து வைத்தாராம்! பெர்த்தோ வந்து எங்களை விலக்கினார். சவிரி விக்கி விக்கி அவருக்கு விஷயத்தைச் சொன்னான். அவர் கதிரையில் இருந்து, தன் பென்சிலைப் பைக்குள் வைத்தார். பிறகு, "எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உன்னைப் பாட விட்டிருக்க மாட்டேன்" என்றார். எனக்கு அவர்மீதும் ஆத்திரம் வந்தது. விடுவதும் விடாததும் எல்லாரும் தீர்மானிக்கிற விஷயமாகப் போய்விட்டது, என்னைத் தவிர.

அடுத்த ஞாயிறு

அந்தப் பாட்டை அடுத்த ஞாயிறும் பாட வேண்டும் என்று சாமியார் முன்னரே கேட்டிருந்தார். நான் வரமாட்டேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். போனேன். என் இடத்தில் நின்றேன். பெண்கள் தொடங்கினார்கள், கிழவர்கள் வந்தார்கள், எங்கள் முறை வந்தது. இருவரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பல்லை இறுக்கிக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றேன்.

சவிரி பாட்டுக்குள் வரவேயில்லை, தலை குனிந்துவிட்டான். தாசண்ணை ஒரு கணம் திணறிவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். குரல் நடுங்கியது. ஆனால் ஓடவில்லை. உரசும் இடத்தில் வழுகாமல் நின்று, ஒரு மூச்சுத் தாங்கி, ஒரு படி இறங்கினார். அவ்வளவு கோபத்திலும் என் காது சரி என்றது. அதனால் கோபம் இன்னும் ஏறியது. அதுதான் நான் அந்தக் குழுவில் நின்ற கடைசி நாள்.

அந்தக் கிழமை அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. இந்த முறை என் பெயருக்கு.

"மகன், செய்தி உனக்குச் சேர்ந்திருக்கும். முப்பத்தொன்றும் முடிந்தது. சனம் எல்லாம் வந்து போய்விட்டது. நான் ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறன். நீ ஒரு வரியும் எழுதேல்லை. உனக்கு அங்கை வேலை கூடவாக்கும். உடம்பைப் பார்."

நான் எழுதாமல் விடவில்லை. அந்த ஐந்து கிழமையில் மூன்று கடிதம் எழுதினேன். அண்ணையைப் பற்றி ஏதும் தெரிந்ததா, விட்டுவிட்டார்களா என்று கேட்டு எழுதினேன். தபால் கந்தோர் தாசண்ணை வேலைக்குப் போகும் வழியில் இருந்தது, ஒட்டி அவரிடம்தான் கொடுத்தேன்.

அவர் கட்டிலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ரை கடிதங்கள் எங்கை?"

அவர் கத்தியை வைத்தார். கட்டிலுக்குக் கீழே இருந்து பெட்டியை இழுத்து, உடுப்புகளுக்கு அடியிலிருந்து மூன்றையும் எடுத்தார். முத்திரை ஒட்டியபடியே இருந்தன.

"அதுகளைப் பாத்தால் அம்மா இன்னும் துடிப்பா எண்டுதான் தம்பி..."

அம்மாவின் கடிதத்தை அவருடைய கையில் கொடுத்து, உரத்து வாசியுங்கோ என்றேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். "வாசியுங்கோ" என்றேன். உடம்பைப் பார் என்ற இடம் வரைக்கும் வாசித்து முடித்தார். திரும்ப முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன்.